தாத்தா காரு... பேரன் ஸ்டீயரிங்!

சின்னதா ஒரு க்விஸ். சிதம்பரம் தேருக்கு ஸ்டீயரிங் எங்கே இருக்கு?

என்ன பாஸ், முழிக்கிறீங்க? ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி திருவாதிரைக்கும் நடராஜர் தேர் கிளம்புதில்ல... கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதின்னு நாலு வீதி. நாலு முனையிலும் அவ்வளவு பெரிய தேர் திரும்பணும். வடம் பிடிச்சு இழுக்கறது ஊர் ஜனம். ஆனா எந்தப் பக்கம் திரும்பணும், எங்கே நிக்கணும்னு முடிவு பண்றது, சக்கரத்துக்குப் பக்கத்துலயே குனிஞ்சு முட்டுக்கட்டை போடற சில பேர்தான். ஸ்டீயரிங், பிரேக் ரெண்டுமே அந்தக் கட்டைதான்!

காருக்கும் பிறந்தப்பவே வட்ட ஸ்டீயரிங் இல்லை. படகுச் சுக்கானுக்கு இருக்கிற மாதிரி ஒரு நீளக் கைப்பிடி. 1894-ல பாரிஸ் - ரூவான் ஓட்டப் போட்டியிலதான் வஷ்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் தன்னோட பான்ஹார்ட் வண்டியில வட்டமா ஒரு சக்கரத்தைப் பொருத்திக்கிட்டு வந்தார். நாலே வருஷத்துல பான்ஹார்ட் கம்பெனி அதையே தன் வண்டிகளுக்கு வழக்கமாக்கிடுச்சு. அன்னிக்குப் பிடிச்ச வட்டத்தை உலகம் இன்னும் விடலை.

இப்ப மேட்டருக்கு வருவோம். கடலூர், சிதம்பரம் பக்கம் பழைய வீடுகள்ல, பின்பக்கக் கொட்டகையில, தார்ப்பாய் போட்டு மூடின ஒரு கார் தூங்கிட்டு இருக்கறதைப் பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் அம்பாஸிடர். இல்லேன்னா ஃபியட். ரொம்ப அதிர்ஷ்டம் இருந்தா ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கதவைத் திறந்து உட்கார்ந்தா முதல்ல கை எங்கே போகும்? ஸ்டீயரிங்குக்குத்தான். அங்கே விரிசல் விரிசலா, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி ஒரு வட்டம் இருக்கும். ‘எடைக்குப் போட்டுடலாம்டா’ன்னு வீட்டுல குரல் கேட்கிறதும் அந்த நேரத்துலதான்.

அவசரப்படாதீங்க. அந்த வட்டத்தை மீட்கலாம். அதுக்கு முன்னாடி அது ஏன் வெடிச்சுதுன்னு தெரிஞ்சுக்கணும்.

வெயில் பண்ற வேலை

பழைய ஸ்டீயரிங்கை உரிச்சுப் பார்த்தா உள்ளே இரும்பு வளையம், மேலே வார்த்த கெட்டியான உறை. அந்த உறை காரைப் பொறுத்து, வருஷத்தைப் பொறுத்து மாறும். முதல்ல கெட்டி ரப்பர் இருந்தது. அப்புறம் செல்லுலோஸ் அசிடேட் மாதிரியான பிளாஸ்டிக்குகள் வந்தன. நம்ம ஊர்ல கருப்பா, கெட்டியா எது இருந்தாலும் ‘பேக்லைட்’னு ஒரே பேர் வச்சுடுவோம். அது வேற, இது வேற.

இப்ப ஒரு சின்ன கணக்கு. இன்ஜினீயரிங் பசங்க ஓடாதீங்க. ஸ்டீயரிங் குறுக்களவு 40 செ.மீ. வச்சுக்குங்க. சுற்றளவு சுமார் 125 செ.மீ. காலையில இருக்கிற சூட்டைவிட மத்தியானம் மூடின காருக்குள்ளே 30 டிகிரி கூடுதுன்னு வைங்க. உள்ளே இருக்கிற இரும்பு நீளறது அரை மி.மீ.க்கும் கம்மி. மேலே இருக்கிற அசிடேட் பிளாஸ்டிக் தனியா விட்டா 3 மி.மீ.க்கு மேலே நீளும். ஒரே வளையத்துல கட்டிப்போட்ட ரெண்டு பேர். ஒருத்தர் நடக்கறார், இன்னொருத்தர் ஓடறார். தினமும் இதே கூத்து. போதாக்குறைக்கு, பிளாஸ்டிக்கை இளக்கமா வச்சிருக்கிற பொருள் வருஷக்கணக்குல ஆவியாகிப் போக, உறை சுருங்கும். உள்ளே இருக்கிற இரும்பு சுருங்காது. டமால்! விரிசல். அதுவும் கம்பிகள் வளையத்தோட சேர்ற இடத்துலதான் முதல்ல விழும்.

ஒரு தகவல்: பழைய சினிமா பிலிம் சுருளைத் திறந்தா வினிகர் வாசனை அடிக்கும்னு சொல்வாங்க. அந்த பிலிமும் அசிடேட் குடும்பம்தான். சில பழைய ஸ்டீயரிங்கும் அதே நோயிலதான் அழியுது.

கடலூர்க் கதை இன்னும் ஒரு படி மேலே. கடலூர் முதுநகர்ல ஆரம்பிச்சு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி சிதம்பரம் வரைக்கும் பஸ்ல வர்றப்ப இடது பக்கம் பூரா கடல் காத்துதானே? அந்த உப்புக்காத்து விரிசலுக்குள்ளே நுழைஞ்சு உள் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அது உள்ளேயிருந்து நெம்ப, விரிசல் இன்னும் அகலமாகும். 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. 2015 கடைசியில வெள்ளம். தண்ணியில நின்ன வண்டின்னா உறைக்குள்ளே என்ன நடந்திருக்கும்னு கூடுதல் கவனத்தோட பார்க்கணும்.

கழட்டறதுலயே பாதி வித்தை

ஒர்க்ஷாப் அண்ணன்கிட்ட கொடுத்தாலும் சரி, கூட நின்னு கத்துக்கிட்டாலும் சரி, வரிசை இதுதான்.

முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டணும். ஹார்ன் ஒயர் ஸ்டீயரிங் நடுவுலதான் ஓடுது. ரெண்டாவது, முன்சக்கரங்களை நேரா நிறுத்திட்டு, தண்டுலயும் ஸ்டீயரிங் நடுக்குமிழ்லயும் ஒரே நேர்ல ஒரு புள்ளி அடிச்சுக்கணும். இதை மறந்தா, திரும்ப மாட்டினப்புறம் கார் நேரா போகும். ஸ்டீயரிங் கோணலா இருக்கும். மூணாவது, நட்டைத் தளர்த்தலாம். முழுசா எடுக்கக் கூடாது. ரெண்டு மரை மிச்சம் விட்டுட்டு புல்லர் போட்டு இழுக்கணும். இல்லேன்னா பல வருஷமா பிடிச்சு வச்சிருந்த ஸ்டீயரிங் திடீர்னு விட்டு மூஞ்சியிலயே வந்து அறையும். சுத்தியலால தட்டறது மட்டும் கூடவே கூடாது. தண்டோட மரையும் போகும், கீழே இருக்கிற பேரிங்கும் போகும்.

வெளியே எடுத்ததும் சோப்புத் தண்ணி, பழைய டூத் பிரஷ். தின்னரைத் தொடாதீங்க. செல்லுலோஸ் அசிடேட் அசிட்டோன்ல கரைஞ்சு போற பொருள். சில தின்னர்கள்லயும் அந்த மாதிரி கரைப்பான் இருக்கும். அழுக்கோட ஸ்டீயரிங்கும் சேர்ந்து போயிடும்.

விரிசலை மூடறதுக்கு முன்னாடி பெருசாக்கு!

கேட்க லூசுத்தனமா இருக்கா? அதுதான் சரியான முறை. மேலாகப் பூசி மறைச்சா அடுத்த சித்திரை வெயில்ல அதே இடத்துல மறுபடி பல்லிளிக்கும். அதனால ஹேக்ஸா பிளேடு, சின்ன அரம் வச்சு ஒவ்வொரு விரிசலையும் ‘வி’ மாதிரி அகலப்படுத்தணும். தேவைப்பட்டா உள் இரும்பு தெரியற வரைக்கும். துருவைச் சுரண்டி, துருநீக்கி போட்டு, நல்லா காயவைக்கணும். கடலோர ஊர்ல இந்தக் காயவைக்கறதுல சோம்பல் கூடாது. ஈரத்தை உள்ளே வச்சுப் பூட்டினா துரு தன் வேலையைத் தொடரும்.

அப்புறம் எபாக்ஸி. எம்-சீல் மாதிரி ரெண்டு பாகத்தைச் சேர்த்துப் பிசையறோமே, அந்த ஜாதி. பள்ளத்தைவிடக் கொஞ்சம் மேடா அடைச்சு ஒரு நாள் முழுசா விட்டுடணும். அடுத்து உப்புத்தாள். 80-ம் நம்பர்ல ஆரம்பிச்சு 120, 220, 400, கடைசியில 600-ஐத் தண்ணி விட்டுத் தேய்க்கணும். பின்பக்கம் விரல் பதியறதுக்குன்னு அலை அலையா மேடு பள்ளம் இருந்தா, ஒரு பென்சில் மேலே உப்புத்தாளைச் சுத்தி ஒவ்வொரு பள்ளமாத் தேய்க்கணும். அவசரக்காரங்களுக்கான வேலை இல்லை இது. நாலு நாள் லீவு, ஒரு ரேடியோ, நிறைய டீ.

இங்கேதான் நம்ம மாவட்டத்துக்கு ஒரு பெருமை. பண்ருட்டின்னா பலாப்பழம், முந்திரின்னு மட்டும்தானே நினைக்கிறோம்? முந்திரிக்கொட்டை ஓட்டுல ஒரு எண்ணெய் இருக்கு. கையில பட்டா தோல் வெந்துடும். அந்த எண்ணெயிலேருந்து எடுக்கிற கார்டனால்ங்கற பொருளை வச்சு எபாக்ஸியை இறுக வைக்கிற ஹார்டனர் செய்யறாங்க. தண்ணியையும் உப்பையும் தாங்கற குணத்துக்காகக் கப்பல் பெயின்ட்டுல அது போகுது. கார் பிரேக் லைனிங்குலயும் அதே முந்திரி எண்ணெயோட வாரிசு இருக்கு. கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் நண்பர்களே, புராஜெக்ட்டுக்குத் தலைப்பு ஃப்ரீயா கிடைச்சாச்சு!

தேய்ச்சு முடிச்சதும் பிரைமர், அதுக்கு மேலே பெயின்ட். ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் பெயின்ட்தான் கை வேர்வையையும் வெயிலையும் தாங்கும். ஆனா அதோட ஹார்டனர்ல இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலுக்கு எமன். கர்சீப் கட்டிக்கிட்டு அடிக்கலாம்னு நினைக்காதீங்க. சரியான முகமூடி, காத்தோட்டமான பூத் வச்சிருக்கிற பெயின்ட்டர்கிட்ட விட்டுடுங்க.

இனி உங்க இஷ்டம்... கொஞ்சம்!

மீட்கறது ஒரு வகை. நம்ம ரசனைக்கு மாத்தறது இன்னொரு வகை. அதுல ரெண்டு வழி பாப்புலர்.

ஒண்ணு, தோல். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு தோலுக்கே பேர் போன மாநிலம் நம்முடையது. தோல் ஆராய்ச்சிக்குன்னே 1948-லேருந்து சென்னை அடையாறுல மத்திய நிறுவனம் இருக்கு. சுமார் 1 மி.மீ. கனமுள்ள தோலை வளையத்தோட சுற்றளவைவிட இம்மியளவு குறைவா வெட்டி, இழுத்து, மெழுகு தடவின நூல்ல ரெண்டு ஊசி போட்டு எதிரெதிரா தைக்கணும். தையல் விழும்போது தோல் இறுகும். லொடலொடன்னு இருந்தா திருப்பத்துல கை வழுக்கும். சாலையோரத்துல தொங்கற, மாட்டினா சுத்தற ரெடிமேட் கவருக்கும் இதுக்கும் அந்த இறுக்கம்தான் வித்தியாசம்.

ரெண்டு, மரம். 1950-கள்ல இத்தாலிக்காரர் என்ரிகோ நார்டி மரத்துல செஞ்ச ஸ்டீயரிங்குகளை ரேஸ் ஓட்டறவங்க கொண்டாடினாங்க. நம்ம ஊர்ல தேக்கு இருக்கு. வீணை, மிருதங்கம் செய்யற பலா இருக்கு. ஆனா ஒரு கண்டிஷன்: மரம் அலங்காரத்துக்கு, பலத்துக்கு இல்லை. நடுவுல இரும்பு வளையமோ தகடோ இருந்து, அதை ரெண்டு பக்கமும் மரம் அணைச்சு, ஒட்டி, ரிவெட் அடிச்சிருக்கணும். வெறும் மரம்னா மோதல்ல சிம்பு சிம்பா உடைஞ்சு கையையோ நெஞ்சையோ பதம் பார்த்துடும்.

‘சின்ன ஸ்டீயரிங் போட்டா செம கெத்தா இருக்குமே?’ன்னு கேக்கறவங்களுக்கு இன்னொரு கணக்கு. பழைய கார்ல பவர் ஸ்டீயரிங் கிடையாது. வட்டம் பெருசா இருந்தது அழகுக்காக இல்லை, நெம்புகோலுக்காக. 16 அங்குல ஸ்டீயரிங்கைத் திருப்ப 10 கிலோ பலம் வேணும்னா, அதே கார்ல 13 அங்குலம் போட்டா 12 கிலோவுக்கு மேலே ஆகும். கடலூர் மஞ்சக்குப்பத்துல ரிவர்ஸ் எடுத்து பார்க் பண்றப்போ கெத்து எங்கே போச்சுன்னு தேட வேண்டியிருக்கும்.

இது மூணும் விளையாட்டு இல்லை

ஒண்ணு: நீங்க ஒட்டக்கூடியது உறையை மட்டும்தான். கம்பியிலயோ நடுக்குமிழ்லயோ, தண்டு பொருந்தற பல்லுலயோ விரிசல், தேய்மானம், வளைவு இருந்தா வெல்டிங் அடிச்சு ஓட்டக் கூடாது. நல்ல நிலையில இருக்கிற வேற ஸ்டீயரிங் தேடுங்க. திருப்பத்துல ஸ்டீயரிங் கையோட வந்தா ரெண்டாவது சான்ஸ் இல்லை.

ரெண்டு: ஸ்டீயரிங் ஆட்டம் போடுதுன்னா குற்றவாளி பெரும்பாலும் வட்டம் இல்லை, கீழே இருக்கிற ஸ்டீயரிங் பாக்ஸ், டை ராடு முனைகள். மேலே பாலிஷ் போட்டு, கீழே ஆட்டத்தை விட்டு வைக்கறது, பல்வலிக்கு முகத்துல பவுடர் போடற கதை. அதேமாதிரி, நிறைய பழைய கார்கள்ல ஸ்டீயரிங் தண்டு ஒரே நீட்டுக் கம்பி. மோதினா நேரா நெஞ்சுக்கு வரும். மோதல்ல மடங்கி, விசையை உள்வாங்கற ஸ்டீயரிங் அமைப்பை அமெரிக்கா 1968 ஜனவரியிலேருந்து புது கார்களுக்குக் கட்டாயமாக்கினதே இதனாலதான். பழைய காரை ரெடி பண்றவங்க சீட் பெல்ட்டையும் யோசிங்க, நிதானமா ஓட்டுங்க.

மூணு: இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு அப்பாவோட புது காரைக் கழட்டிடாதீங்க! இந்தியாவுல 2019 ஜூலையிலேருந்து புது கார்கள்ல டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அது ஸ்டீயரிங் நடுவுலதான் மடிச்சு வச்சிருக்கு. வெடிச்சு விரியற பொருள். அதுக்குப் பயிற்சி உள்ளவங்க மட்டும்தான் கை வைக்கணும்.

சட்டம் என்ன சொல்லுது?

2021-ல மத்திய அரசு பழைய வண்டிகளுக்குன்னு தனி விதிகள் கொண்டு வந்தது. 50 வருஷத்துக்கு மேலான, அசல் வடிவத்துலயே காப்பாத்தின, சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செய்யாத டூவீலரும் காரும் ‘விண்டேஜ்’ கணக்குல வரும். நம்பர்ல ‘வி.ஏ.’ எழுத்து இருக்கும். புதுசா பதிவு பண்ண 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய்னு விதியில கட்டணம் வச்சாங்க. அந்த வண்டியைத் தினசரி காலேஜுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான்.

அந்த வயசு வராத வண்டிகளுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா, ஆர்.சி.யில இருக்கிற விவரமே பொய்யாகிற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தமா சொல்லிடுச்சு. உறை ஒட்டறது வேற, ஸ்டீயரிங் அமைப்பையே மாத்தறது வேற. ரெண்டாவதுல இறங்கறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுடுங்க.

கடைசி காருங்க இவை

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? புதுசு வாங்கி மாட்டினா போச்சே?

புதுசு எங்கே வரும்? ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-லேருந்து நம்ம சென்னையில உருவான கார். 25 அடி வட்டத்துல திரும்பிடும்னு அதோட இங்கிலாந்து அண்ணன் ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கே பெரிய பேர். நம்ம தேர்முனையெல்லாம் அதுக்கு ஜுஜுபி! அந்த கம்பெனி கார் தயாரிப்பை 1980-களோட நிறுத்திடுச்சு. பத்மினி உற்பத்தி 2000-ஐ ஒட்டி முடிஞ்சுது. மும்பையோட கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபர்ல ஓய்வெடுத்தது. அரை நூற்றாண்டுக்கு மேலே ஓடின அம்பாஸிடர் 2014 மே மாசம் உத்தர்பாராவுல நின்னு போச்சு. மிச்சம் இருக்கிற ஒவ்வொரு ஒரிஜினல் ஸ்டீயரிங்கும் கணக்குல ஒண்ணு குறைஞ்சா குறைஞ்சதுதான். இந்த கார்களையெல்லாம் நேர்ல ரசிக்கணும்னா, கோவை அவினாசி ரோட்டுல 2015-ல திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு ட்ரிப் அடிங்க. ஸ்டீயரிங்கை மட்டும் வரிசையா பார்த்துக்கிட்டே போங்க. கார் சரித்திரமே ஓடும்.

அதனால வாத்தியார் இல்லாத பாடமா ஒரே ஒரு விதியை மனசுல வச்சுக்குங்க: எதை மாத்தினாலும், பழையபடி ஆக்கற வழியை அடைச்சுடாதீங்க. மர ஸ்டீயரிங் ஆசையா? மாட்டுங்க. ஆனா ஒரிஜினலைத் துணியில சுத்தி, நட்டு, ஹார்ன் மூடியோட பரண்ல பத்திரமா வைங்க. தோல் தைக்கணுமா? பசையைக் குறைச்சு தையலை நம்புங்க. நாளைக்குப் பிரிச்சா உள்ளே இருக்கிறது உசுரோட இருக்கணும்.

இன்னொண்ணு, உப்புத்தாளை எடுக்கறதுக்கு முன்னாடி வட்டத்தை ஒரு தடவை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. ஒரு இடம் மட்டும் மத்த இடத்தைவிட வழவழன்னு தேஞ்சிருக்கும். கடிகாரத்துல பத்து மணி இருக்கிற பக்கமோ, மூணு மணி பக்கமோ. அது வெயில் தேய்ச்சது இல்லை. உங்க தாத்தாவோ பெரியப்பாவோ, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காலேஜ் அட்மிஷனுக்கும் வீட்டையே ஏத்திக்கிட்டுப் போனப்ப பிடிச்சுக்கிட்டு இருந்த இடம். எந்தக் கடையிலயும் அதுக்கு ஸ்பேர் கிடைக்காது. போட்டோ எடுத்து வைங்க, வீட்டுல பெரியவங்களைக் கூப்பிட்டுக் காட்டுங்க, கதையைக் கேளுங்க. விரிசலை மட்டும் அடைச்சுட்டு அந்தத் தேய்மானத்தை அப்படியே விடறதா, மொத்தத்தையும் பளபளன்னு ஆக்கறதான்னு அப்புறம் முடிவு பண்ணலாம்.

எபாக்ஸி காய ஒரு நாள் ஆகும். கதை கேட்க அது போதும்.